புவேர்ட்டோ வயார்த்தாவில் நல்ல டாக்கோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவேர்ட்டோ வயார்த்தா மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பண்டேராஸ் வளைகுடா, இன்னொரு பக்கம் காடு அடர்ந்த மலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் குளிர்காலத்தில் குடும்பத்தோடு இங்கே வருவது கூடியிருக்கிறது. வருகிறவர்கள் ஓட்டல் அறையைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது, தோர்த்தியா என்ற மெல்லிய ரொட்டியில் இறைச்சியோ மீனோ வைத்து மடித்துச் சாப்பிடும் டாக்கோவைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ஊரிலேயே சிறந்த டாக்கோ எந்தக் கடையில் கிடைக்கும்?

மணி என்ன என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இந்த ஊரில் ஒவ்வொரு டாக்கோவுக்கும் ஒரு வேளை இருக்கிறது. அந்தந்த வேளைக்கு அதை மட்டுமே செய்கிற கடைகள் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு நாக்கில் கரைகிற பிர்ரியா போடும் கடை மாலையில் பூட்டிக் கிடக்கும். இரவு எட்டு மணிக்கு வரிசை நிற்கிற அல் பாஸ்தோர் கடையில் மதியம் போய்ப் பார்த்தால் ஆளே இருக்காது. காலை முதல் இரவு வரை எல்லா டாக்கோவும் கிடைக்கும் என்று பலகை வைத்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடப்பவை. அங்கே சாப்பாடு மோசமாக இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து அதைச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியென்றால் எந்த வேளைக்கு எது?

காலையில் பிர்ரியா. மசாலாவில் ஊறவைத்து மணிக்கணக்காக வேகவைத்த இறைச்சி இது. ஹலிஸ்கோவில் பிறந்த உணவு என்பதால் இங்கே சாப்பிடாமல் போவது சரியில்லை. எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் நிதானமாகச் சாப்பிடலாம். மதியம் நெருங்க நெருங்க அண்டா காலியாகிவிடும்.

காலையிலும் முற்பகலிலும் கார்னித்தாஸும் உண்டு, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைகளில். மிச்சோவாக்கான் மாநிலத்திலிருந்து பரவிய இந்த உணவில், பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே பெரிய கொப்பரையில் மெதுவாக வேகவிடுகிறார்கள். எந்தப் பாகம் வேண்டும் என்று கேட்பார்கள். கொழுப்பில்லாத சதை என்றால் மசீசா, தோல் என்றால் குவெரித்தோ, இரைப்பை என்றால் பூச்சே. முடிவு செய்ய முடியவில்லையா, எல்லாம் கலந்த சுர்த்தீதா கேளுங்கள். எனக்குப் பிடித்ததும் அதுதான். தோலின் வழவழப்பும் சதையின் நாரும் ஒரே கடியில் வரும்.

மதியம் மீனும் இறாலும். கடல் உணவுக் கடைகள் பல மாலை நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும். காலையில் வந்த மீன் மாலைக்குள் விற்றுத் தீர வேண்டும் என்பது இந்தக் கரையின் பழக்கம்.

இருட்டியதும் கம்பியில் குத்திச் சுட்ட பன்றி இறைச்சியான அல் பாஸ்தோர், கரியில் சுட்ட மாட்டிறைச்சியான கார்னே அசாதா, நாக்கு, குடல், தலைக்கறி. இரவுக் கடைகள் ஆறு, ஏழு மணிக்குத்தான் அடுப்பு மூட்டும். நள்ளிரவு தாண்டியும் நடக்கிற கடைகள் உண்டு.

எந்தப் பகுதியில் தேடுவது?

கடலோர நடைபாதையான மலேகோனில் நடக்கலாம், சூரியன் மறைவதைப் பார்க்கலாம். டாக்கோவுக்கு அங்கிருந்து உள்ளே இரண்டு, மூன்று தெரு தள்ளிப் போங்கள். கடலைப் பார்த்த மேசைக்குத் தனி விலை உண்டு. அந்த விலையை நீங்கள் தட்டில் கொடுப்பீர்கள்.

குவாலே ஆற்றுக்குத் தெற்கே இருப்பது சோனா ரொமாந்திகா. வெளிநாட்டினர் அதிகம் தங்கும் பகுதி என்றாலும் நல்ல கடைகள் நிறைய இங்கேதான். பசீலியோ பதீயோ தெருவில் இருக்கும் பாஞ்சோஸ் டாக்கோஸ் அல் பாஸ்தோருக்குப் பெயர் போனது. மாலையில் அதன் வாசலில் வரிசை நீளும். நரான்ஹோ தெருவில் இருக்கும் மரிஸ்மா ஃபிஷ் டாக்கோ பெயரிலேயே சொல்லிவிடுவது போல மீன், இறாலுக்கு. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். முதல் நாள் அங்கே போவதில் தவறில்லை.

அடுத்து, நகர மையத்துக்கு வடக்கே சின்கோ தெ தீசியெம்ப்ரே என்ற பகுதி. ஊர்க்காரர்களின் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் சிறு கடைகளும் கலந்த இடம். காலை நேரத் தள்ளுவண்டிகளுக்கு நான் இங்கேதான் வருவேன்.

நேரம் இருப்பவர்கள் பித்தியாலுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் தனி ஊராக இருந்து, வயார்த்தா வளர்ந்தபோது அதோடு சேர்ந்துவிட்ட இடம் அது. நகரப் பேருந்துகள் போகுமிடத்தை முன்கண்ணாடியில் எழுதி வைத்திருக்கும், அதில் பித்தியால் என்று பார்த்து ஏறினால் போதும். தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தைச் சுற்றி மாலையில் வண்டிகள் வந்து நிற்கும். ஓட்டலில் வேலை செய்பவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சாப்பிடும் இடம். ஆங்கிலப் பட்டியல் இருக்காது, விலையும் குறைவு.

நல்ல கடையை வெளியே நின்றே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முதலில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். கூட்டத்தில் சீருடை அணிந்த வேலையாட்களும் குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் இருந்தால் நல்ல அடையாளம். பிறகு எத்தனை வகை விற்கிறார்கள் என்று பாருங்கள். நான்கைந்து வகையோடு நிற்கிற கடை எனக்கு நம்பிக்கை தரும். பர்கரும் பாஸ்தாவும் சேர்ந்தே இருந்தால் நான் நகர்ந்துவிடுவேன்.

காசு வாங்கும் கையும் உணவு தொடும் கையும் வேறா என்பதையும் பார்க்கலாம். நல்ல கடைகளில் பெரும்பாலும் கல்லாவுக்குத் தனி ஆள் இருப்பார். தட்டின் மேல் பிளாஸ்டிக் பை மாட்டித் தருவதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தண்ணீர் வசதி குறைந்த தெருக்கடையில் ஒவ்வொருவருக்கும் சுத்தமான தட்டு கிடைக்க அவர்கள் கண்ட வழி அது.

டாக்கோவின் மேல் விட்டுக்கொள்ளும் சட்னிதான் சல்சா, அந்தக் கிண்ணங்களும் பேசும். சாம்பல் பூத்த பச்சை, மேலே தண்ணீர் பிரிந்து நிற்பது, ஓரத்தில் காய்ந்த பொருக்கு இவையெல்லாம் காலையிலிருந்து அப்படியே இருப்பதன் அடையாளம். கூட்டம் உள்ள கடையில் கிண்ணம் காலியாகிக் காலியாகி நிரம்பிக்கொண்டே இருக்கும்.

அல் பாஸ்தோரில் அப்படி என்ன இருக்கிறது?

மெக்சிகோவுக்குக் குடிவந்த லெபனான்காரர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறை இங்கே பன்றி இறைச்சிக்கு மாறியதுதான் அல் பாஸ்தோர். மெல்லிய இறைச்சித் துண்டுகளை அச்சியோத்தே என்ற சிவப்பு விதை, காய்ந்த குவஹீயோ மிளகாய், வினிகர், மசாலாக்கள் சேர்ந்த விழுதில் ஊறவைத்து, திரோம்போ என்ற செங்குத்துக் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி அடுக்குகிறார்கள். பக்கத்தில் நெருப்பு. உச்சியில் ஓர் அன்னாசி.

கடைக்காரர், அவரைத் தகேரோ என்பார்கள், இடது உள்ளங்கையில் சின்னத் தோர்த்தியா ஒன்றை வைத்துக்கொள்வார். நீளக் கத்தியை மேலிருந்து கீழே இழுப்பார். கருகிய ஓரமும் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து சுருள் சுருளாக நேரே தோர்த்தியாவில் விழும். அதே கத்தியின் நுனியால் உச்சியில் இருக்கும் அன்னாசியை ஒரு தட்டு. ஒரு சில்லு காற்றில் வந்து இறைச்சியின் மேல் உட்காரும். வெங்காயம், கொத்தமல்லி தூவித் தட்டு உங்கள் கைக்கு வர சில நொடிகள்தான் ஆகும். அவர் கண் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருக்கும்.

கவனிக்க வேண்டியது கம்பியின் மேற்பரப்பு. சீவிய இடம் மறுபடி நெருப்பைப் பார்த்து ஓரம் கருகிய பிறகுதான் அடுத்த சீவல் நடக்க வேண்டும். முன்கூட்டியே வெட்டிக் குவித்து, கல்லில் சூடு பண்ணித் தருகிற கடையில் அந்த ஓரத்தின் மொறுமொறுப்பு கிடைக்காது. நெருப்பு அணைந்து சும்மா நிற்கிற கம்பி என்றால் தயங்காமல் அடுத்த தெருவுக்குப் போங்கள்.

பிர்ரியா என்பது ஆட்டிறைச்சியா, மாட்டிறைச்சியா?

ஹலிஸ்கோவின் பழைய வழக்கம் வெள்ளாடு. இப்போது மாட்டிறைச்சியும் அதே அளவு சாதாரணம். கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். சீவோ என்றால் ஆடு, ரெஸ் என்றால் மாடு.

தோர்த்தியாவைச் சட்டியின் மேல் மிதக்கும் சிவப்புக் கொழுப்பில் தோய்த்து, சூடான கல்லில் போட்டு, மேலே இறைச்சி வைத்து மடித்து, ஓரம் மொறுமொறுவென ஆகும்வரை விடுவதற்குத் தொராதோ என்று பெயர். மிருதுவாகவும் வாங்கலாம், ஆனால் முதல் தடவை தொராதோ கேளுங்கள். கூடவே கொன்சொமே என்ற ரசம் சின்னக் கிண்ணத்தில் வரும். வெங்காயம் தூவி, எலுமிச்சை பிழிந்து, ஒரு கடிக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும். சமூக ஊடகங்களில் சீஸ் நீளநீளமாக இழுபடும் படங்கள் வருகின்றனவே, அந்தக் கேசாபிர்ரியா எல்லை நகரமான திஹுவானா பக்கத்திலிருந்து பிரபலமானது. இங்கேயும் கிடைக்கும். ஹலிஸ்கோவுக்கு வந்துவிட்டு முதலில் சீஸ் இல்லாததைச் சாப்பிடுங்கள் என்பது என் பிடிவாதம்.

கடலோர ஊர்தானே, மீன் டாக்கோதானே முக்கியம்?

மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, முட்டைக்கோஸ், வெண்ணிறச் சாஸோடு தருவது வடக்கே பாஹா கலிபோர்னியாவின் பாணி. என்செனாதா என்ற துறைமுக ஊர் அதற்குப் பெயர் பெற்றது. வயார்த்தாவிலும் அதை நன்றாகச் செய்கிறார்கள். பொரித்துத் தட்டில் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள். நீங்கள் கேட்ட பிறகு எண்ணெயில் விழுந்தால்தான் அது சாப்பிடத் தகுந்தது.

இந்தக் கரைக்கே உரியதென்றால் புகையில் வாட்டிய மார்லின் மீனைச் சொல்வேன். உதிர்த்துத் தக்காளி, வெங்காயம், மிளகாயோடு வதக்கித் தோர்த்தியாவில் வைப்பார்கள். புகை வாசனையும் உப்பும் தூக்கலாக இருக்கும். நெத்திலிக் கருவாட்டில் வளர்ந்த நாக்குக்கு இது உடனே பிடித்துவிடும். அப்புறம் கோபெர்னதோர் என்ற இறாலும் சீஸும் வைத்துக் கல்லில் முறுகலாக்கிய டாக்கோ. வடக்கே சினலோவா மாநிலத்தின் மசத்லானில், அந்த மாநில ஆளுநரை உபசரிப்பதற்காக உருவாக்கி அதனால் அந்தப் பெயரும் பெற்றது. இப்போது கரை முழுக்க உண்டு.

லோஸ் முவெர்த்தோஸ் கடற்கரையில் முழு மீனையோ இறாலையோ குச்சியில் குத்திச் சுட்டு விற்பார்கள். அது டாக்கோ இல்லை. ஆனாலும் வாங்குங்கள்.

தோர்த்தியா மக்காச்சோளமா, மைதாவா?

கோதுமைத் தோர்த்தியா வட மெக்சிகோவின் வழக்கம். இங்கே மக்காச்சோளம்தான் இயல்பு. கடலுணவுக் கடைகள் சிலவற்றில் இரண்டும் இருக்கும்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் நீங்கக் கழுவி அரைப்பது பல ஆயிரம் ஆண்டுப் பழைய முறை. சுண்ணாம்பு சேர்வதால்தான் மாவு பிடிபடுகிறது, நயாசின் என்ற சத்தும் உடம்பில் சேர்கிறது. இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோன ஐரோப்பாவில், சோளமே முக்கிய உணவாகிப்போன ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது. வாசனையிலேயே வித்தியாசம் தெரியும். நல்ல தோர்த்தியாவைப் பிரித்தால் வேகவைத்த சோளமும் ஈரமண்ணும் கலந்தாற்போல ஒரு மணம் வரும், மடித்தால் உடையாது. கடையின் மூலையில் ஓர் அம்மா மாவு உருண்டையை அழுத்திக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தால், இறைச்சி என்ன என்று கேட்பதற்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

சல்சா நமக்குக் காரமாக இருக்குமா?

பச்சை நிறச் சல்சா தொமாத்தியோவில் செய்வது. நம் ஊரில் வேலியோரம் காய்க்கும் சொடக்குத் தக்காளியின் இனம் அது. புளிப்பு முன்னால் வரும், காரம் பின்னால். சிவப்பில் பெரும்பாலும் சிலே தெ ஆர்போல் என்ற காய்ந்த மிளகாய். நம்மவர்கள் இரண்டையும் தாங்கலாம். ஆரஞ்சு நிறத்தில் ஆபனேரோ மிளகாய்ச் சல்சா இருந்தால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். மிளகாயே இந்த நாட்டிலிருந்து உலகத்துக்குப் போனதுதான், அவர்கள் கைவசம் நமக்குப் பழக்கமில்லாத ரகங்கள் ஏராளம்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கொஞ்சம் தேட வேண்டும், ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வதக்கிய மிளகாயும் சீஸும் சேர்ந்த ராஹாஸ் கோன் கேசோ, உருளைக்கிழங்கு, காளான், பூசணிப்பூ, நோபாலெஸ் இவற்றைக் கேட்கலாம். நோபாலெஸ் என்பது சப்பாத்திக்கள்ளி இனத்தின் இலை போன்ற தண்டு. முள் சீவிச் சுட்டால் இளம்புளிப்போடு நன்றாக இருக்கும்.

கவனம் தேவைப்படும் இடங்கள் மூன்று. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். கோதுமைத் தோர்த்தியாவிலும் அது இருக்கலாம். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். “தியேனே மந்தேகா?” என்று கேட்டால் கொழுப்பு சேர்த்ததா என்பது தெரிந்துவிடும். இறைச்சி புரளும் அதே கல்லில்தான் உங்கள் சீஸும் உருகும். அது ஒத்துவராதவர்கள் சோனா ரொமாந்திகாவில் இருக்கும் சைவ உணவகங்களுக்குப் போவதுதான் நிம்மதி.

பன்றியோ மாடோ சாப்பிடாதவர்களுக்கு?

போயோ கோழி, பெஸ்காதோ மீன், கமரோன் இறால், புவெர்கோ அல்லது செர்தோ பன்றி. அல் பாஸ்தோர், கார்னித்தாஸ், சொரீஸோ என்ற தொத்திறைச்சி மூன்றும் பன்றி. அசாதா, நாக்கான லெங்குவா, குடலான திரிப்பா, தலைக்கறியான கபேசா பெரும்பாலும் மாடு. மதிய மீன் கடைகள்தான் உங்களுக்கு எளிது.

எப்படிக் கேட்பது, எப்போது காசு கொடுப்பது?

வகையும் எண்ணிக்கையும் சொல்லுங்கள். “கோன் தோதோ?” என்று கேட்பார்கள். வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போடவா என்று அர்த்தம். “சி” என்று சொல்லிவிடுங்கள். ஒரே தடவையில் ஆறு வாங்காமல் இரண்டிரண்டாக வாங்குங்கள். ஆறிப்போன டாக்கோவில் ஒன்றும் இல்லை. எலுமிச்சை பிழிந்து, சல்சா விட்டு, தலையைச் சாய்த்துக் கையால் சாப்பிட வேண்டியதுதான். கையால் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெரும்பாலான தெருக்கடைகளில் சாப்பிட்ட பிறகுதான் காசு. எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களிடமே கேட்பார்கள், நீங்கள் சொல்வதை நம்புவார்கள். அந்த நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கடையில் ஒரு டாக்கோ சுமார் 20 முதல் 40 பெசோ, மீனும் இறாலும் அதற்கு மேலும் போகும். டாலர் வாங்குவார்கள், ஆனால் மாற்று விலையில் உங்களுக்குத்தான் நட்டம். சில்லறைப் பெசோ வைத்திருங்கள், கிளம்பும்போது டிப்ஸ் டப்பாவில் கொஞ்சம் போடுங்கள். பக்கத்தில் சாப்பிடுபவர்களைக் கடந்து போகும்போது “ப்ரோவேச்சோ” என்று சொல்வது இங்கே பண்பு. நன்றாகச் சாப்பிடுங்கள் என்ற வாழ்த்து அது.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

கூட்டம் உள்ள கடையில், கண் முன்னால் சூடாக வருவதைச் சாப்பிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். கடைகள் பைகளில் வரும் சுத்திகரித்த ஐஸைத்தான் பொதுவாக வாங்குகின்றன, சந்தேகம் இருந்தால் ஐஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் நாளே குடல் டாக்கோவில் ஆரம்பிக்க வேண்டாம்.

குடிக்க என்ன?

புளித் தண்ணீர், அரிசியும் பட்டையும் சேர்ந்த ஒர்ச்சாத்தா, புளிச்சைக்கீரை இனத்துச் செம்பூவில் செய்யும் ஹமைக்கா மூன்றும் கடைகளில் பெரிய கண்ணாடி ஜாடிகளில் இருக்கும்.

ஆனால் தமிழர்கள் தவறவிடக் கூடாதது தூபா. மலேகோனில் பெரிய சுரைக்குடுக்கையோடு நடந்து விற்பார்கள். தென்னம்பாளையைச் சீவி இறக்குகிற அதே சாறுதான். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் பாளை சீவும் தொழிலை இந்தக் கரையில் ஊன்றினார்கள். புளிக்காத தூபாவில் பொடியாக நறுக்கிய ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் போட்டுத் தருவார்கள். இனிப்போடு பாளையின் வாசனை லேசாக வரும்போது ஊர் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியாது. இருட்டுவதற்குள் வாங்குங்கள், நேரம் போகப்போகப் புளிப்பு ஏறிவிடும்.

எந்த மாதத்தில் வரலாம்?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். டிசம்பர் 1 முதல் 12 வரை குவாதலூப்பே மாதா கோயிலுக்கு ஊர்வலங்கள் வரும், சுற்றியுள்ள தெருக்கள் முழுக்க உணவு வண்டிகள் நிற்கும். நான் வரச் சொல்வது அந்த நாட்களில்தான். செப்டம்பரில் மழை அதிகம், கடைகள் சில விடுமுறையும் விடும்.

இணைய மதிப்பீடுகளை நம்பலாமா?

கடை திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்க்க நம்பலாம். அதற்கு மேல் உங்கள் மூக்கை நம்புங்கள். 2024-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் கையேடு மெக்சிகோவுக்கு முதல் தடவை வந்தபோது, தலைநகரில் 1968 முதல் நடக்கும் எல் கலீஃபா தெ லெயோன் என்ற சின்னஞ்சிறு நின்றபடி சாப்பிடும் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். அங்கே இருப்பது நான்கே வகை டாக்கோ. அந்தக் கடையின் தெருவாசிகளுக்கு அது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்ய?

காலை ஒன்பதுக்கு சின்கோ தெ தீசியெம்ப்ரேயில் பிர்ரியா தொராதோ இரண்டு, கொன்சொமேயோடு. மதியம் ஒன்றரைக்கு மீன் ஒன்று, மார்லின் ஒன்று. ஐந்து மணிக்கு மலேகோனில் தூபா. எட்டு மணிக்கு மேல் பசிக்கிற அளவுக்கு அல் பாஸ்தோர், வரிசை நீளமாக இருந்தாலும் நின்று. தங்கும் ஓட்டலில் மூன்று வேளைச் சாப்பாடும் வாடகையிலேயே அடக்கம் என்றாலும், அன்றைக்கு ஒரு நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.